ரொட்டி வெந்து முடியும்வரை

துணியை விலக்கியபோது மாவின் மேல் நான்கு மேடுகள் இருந்தன.

குழிகளாக இருந்திருந்தால் சின்னவள் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். போகிறபோக்கில் யாரோ விரல் முட்டியால் அழுத்திப் பார்த்திருப்பார்கள் என்று விட்டிருப்பாள். இவை மேடுகள். பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கி வழுவழுவென்று நின்ற மாவின் நடுவில், ஒரே வரிசையில், மடக்கிய கை ஒன்று உள்ளேயிருந்து தோலைத் தள்ளுவதுபோல நான்கு முட்டிகள்.

"அக்கா, இதக் கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அக்கா அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. மாமியார் போன பிறகு அந்த அடுக்களையில் அவள் வைத்ததுதான் சட்டம். வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு வந்து, ஒரு மேட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். காற்றுக் குமிழியாக இருந்தால் உடைந்திருக்கும். உடையவில்லை. அக்கா விரலை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த முன்துணியில் துடைத்துக்கொண்டாள். ஒரு முறை துடைத்தால் போதும். மூன்று முறை துடைத்தாள்.

"காத்துதான். நல்லாப் பொங்கியிருக்கு. அமுக்கிப் பிசைஞ்சு தட்டுல வை."

விடுமுறையின் முதல் நாள் அந்த வீட்டில் எல்லோரும் கூடிப் பெரிய ரொட்டி சுடுவார்கள். மாவில் கை வைத்ததிலிருந்து ரொட்டி ஓவனை விட்டு வெளியே வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. அது மாமியார் வைத்த விதி. ஒரு மூச்சுக் குளிர்காற்று பட்டாலும் மாவு கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்பாள். முன்வாசலுக்குக் குறுக்கே சோபாவைப் போட்டு வருஷக்கணக்காகிறது. எல்லோரும் புழங்குவது அடுக்களையின் பக்கக் கதவில்தான். அதைப் பூட்டி, அடியிடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து, சாவியை மாவு டப்பாவின் அடியில் புதைத்துவிடுவார்கள். சாவி வேண்டுமென்றால் முழங்கைவரை மாவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த அலுப்பிலேயே யாரும் தொட மாட்டார்கள் என்பது ஒரு நம்பிக்கை. அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றி வைப்பது அக்காவின் கணவர், மூத்தவரின் வேலை. அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அந்த மாதிரிச் சின்னக் கம்பிகளெல்லாம் அவர் கைக்குத்தான் கட்டுப்படும். தாமதமாக வருகிறவர்கள் வெளியிலேயே காத்திருக்க வேண்டியதுதான். ஒரு வருஷம் குடும்ப நண்பரான போட்டோக்காரர் ஒன்றரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள்.

சின்னவளை வைத்துச் சிரிக்கவும் ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், தபால்காரர் தட்டினார் என்று அவள் பாட்டுக்குச் சாவியைத் தோண்டி எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அன்று ரொட்டி பலகை மாதிரி வந்தது. வருஷம் முழுக்க அவளுக்குக் 'கதவு திறந்தவள்' என்றுதான் பெயர். கேலியில் விஷம் இல்லை. ஆனால் புதிதாக வந்த இடத்தில் ஒருத்திக்குக் கேலி எங்கே போய் இறங்கும் என்று கேலி செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

அன்று சிரிக்காதவள் நர்ஸம்மா ஒருத்திதான். அடுத்த தெருவில் தனியாக இருந்தாள், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், மாமியாரின் சிநேகிதி. ஒவ்வொரு வருஷமும் ரொட்டிக்குப் போட ஒரு பொட்டலம் உலர்திராட்சை கொண்டுவருவாள். அந்தப் பலகை ரொட்டியில் இரண்டு துண்டு வாங்கித் தின்றாள்.

"இதுதான்டி எனக்குச் சௌகரியம். இருக்கிற நாலு பல்லுக்கு இதுக்கு மேல உயரம் தாங்காது."

அதே வருஷம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டதும் அவள்தான். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிடுவாள். "கீழ போட்டுடாத, கண்ணு." யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல் செய்கிற காரியங்கள். உலகம் ஓடுவது அவற்றால்தான் என்று சின்னவள் அப்போது நினைத்தாள்.

போன வருஷம் நர்ஸம்மா தாமதமாக வந்தாள்.

சின்னவள் மாவைப் பலகையில் கவிழ்த்தாள். நான்கு மேடுகளும் அடியில் போயின. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளினாள், மடித்தாள், திருப்பினாள், மறுபடி தள்ளினாள். மாவு வெதுவெதுப்பாக இருந்தது. வழக்கத்தைவிட அதிகமாக, துணிக்குள் இருக்கும் வயிறுபோல. மூன்றாவது மடிப்பில் விரலில் ஏதோ நெருடியது. தோண்டி எடுத்தாள்.

ஒரு உலர்திராட்சை.

இந்த வருஷம் திராட்சை வாங்கவில்லை. வாங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருடைய நினைவிலும் அது ஒருசேர விட்டுப்போயிருந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றவளின் பக்கத்தில் அக்கா வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. திராட்சையை எடுத்துத் தன் முன்துணிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பையில் அது விழுந்தபோது ஏற்கெனவே உள்ளே இருந்த எதனோடோ மோதி மெல்லச் சரசரத்தது. ஒன்று இரண்டல்ல, நிறைய.

இரண்டே முக்காலுக்கு ரொட்டி ஓவனுக்குள் போனது. அக்கா கைகூப்பி நின்று, வாய்க்குள்ளேயே கடவுளுக்கு நன்றி சொன்னாள். எல்லோரும் தலை குனிந்தார்கள். வேக ஒரு மணி நேரம். மூன்றே முக்கால்வரை இருக்கிறது.

ஐந்து பேர் அந்த அறையில்: சின்னவள், அவள் கணவன், அக்கா, மூத்தவர், இந்த வருஷம் நேரத்துக்கே வந்துவிட்ட போட்டோக்காரர். சன்னல்களின் இடுக்குகளிலும் துணி திணித்திருந்தது. கண்ணாடிகளில் ஆவி படிந்து வெளியே மழை பெய்வது ஒரு சாம்பல் அசைவாக மட்டும் தெரிந்தது. வெண்ணெய் உருகும் வாசனையும் ஈஸ்ட்டின் புளிப்பும் ஈரத்துண்டின் முடை நாற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மூச்சை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக விழுங்க வேண்டியிருப்பதுபோல அறை கனத்தது. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. மெல்லியது, குளிர்ந்தது. ஊசி போடுவதற்கு முன் தோளில் தேய்க்கும் பஞ்சின் ஸ்பிரிட் வாசனை.

சின்னவள் பிஸ்கட்டுக்கு வெண்ணெயும் சர்க்கரையும் எடுத்து, மேசையோரம் இருந்த கிரீம் அடிக்கும் மெஷினைத் தன் பக்கம் இழுத்தாள். இழுத்தவள் கையை எடுத்துக்கொண்டாள்.

போன வருஷமும் இதே இடம். இதே மெஷின். கதவிலிருந்து மூன்றடி. முதல் தட்டலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, இரண்டு தட்டு. நர்ஸம்மாவைத் தவிர யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள். மணியடிக்காது என்று தெரிந்து விரல் முட்டியால் தட்டுகிறாள். சின்னவள் எல்லோரையும் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. போய்த் திறந்தால் மறுபடியும் கதவு திறந்தவள். இன்னொரு வருஷம். கொஞ்ச நேரம்தானே, குடை இருக்குமே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மெஷினின் பொத்தானை அழுத்தினாள்.

ரொட்டி நன்றாக வந்தது. கதவைத் திறந்தபோது நர்ஸம்மா படியில் உட்கார்ந்து, கதவு நிலையில் தலையைச் சாய்த்திருந்தாள். மடியில் திராட்சைப் பொட்டலம் நனைந்து உப்பியிருந்தது. நெஞ்சுவலி, உட்கார்ந்ததுமே உயிர் போயிருக்கும், தட்டக்கூட நேரம் இருந்திருக்காது என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீடே அந்த வருஷத்தைக் கடந்தது. அவளைத் தவிர. அவளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அந்த மெஷினின் இரைச்சல் அவள் காதுக்குள் எழுந்து சொல்லை மூடியது.

மூன்று இருபது.

"என்னடா எல்லாரும் இப்படி உம்முனு இருக்கீங்க?" என்றார் போட்டோக்காரர். "நேத்து ஒரு கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கப் போனேன். மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டேங்கிறான். ஏம்பான்னு கேட்டா, 'சார், ஷூ கடிக்குது'ங்கிறான். பொண்ணு சொல்லுது, 'இப்பவேவா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே'ன்னு."

சின்னவளின் கணவன் தேவைக்கு மேல் உரக்கச் சிரித்தான். அக்கா பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுக் கழுவத் தொடங்கினாள், சுத்தமான பாத்திரங்களை. மூத்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கைக்கடிகாரத்தை எடுத்துக் காதருகே வைத்துச் சாவி கொடுத்தார். கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு சொல்றேன் கேளு தங்கச்சி," என்றார் போட்டோக்காரர். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. "இன்னொரு கல்யாணத்துல என்ன ஆச்சுன்னா…"

மூன்று இருபத்தாறு.

டொக் டொக்.

இடைவெளி.

டொக் டொக்.

நான்கு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். போட்டோக்காரர் கதையை விட்ட இடத்தைத் தாண்டிக் குதித்தார். கணவன் ஏதோ ஒரு பாட்டின் நடுவரியைப் பிடித்துப் பாடினான். அக்காவின் கையிலிருந்த தட்டுகள் தொட்டியில் மோதிக் கலகலத்தன. மூத்தவர் கடிகாரத்தைப் பற்றி யாரிடமும் இல்லாமல் உரக்க விளக்கினார். எல்லாச் சத்தமும் தட்டல் தொடங்கிய அதே கணத்தில் தொடங்கி, தட்டல் ஓய்ந்ததும் ஓய்ந்தது.

சின்னவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. கேட்காதவர்களாக இருந்தால் யாராவது ஒருவரின் கண் தற்செயலாகவாவது அந்தப் பக்கம் போயிருக்கும்.

டொக் டொக்.

"கதவத் தட்றாங்க," என்றாள்.

"யாரும் தட்டல," என்றான் கணவன்.

"தட்றாங்க. போன வருஷமும் தட்டினாங்க." அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "எனக்குக் கேட்டுச்சு. நான் திறக்கல. சத்தம் கேட்கக் கூடாதுன்னு நான்தான் மெஷினப் போட்டேன். உங்க யாருக்கும் கேட்காமப் போனது என்னாலதான்."

தொட்டியில் குழாய் சொட்டியது. அக்கா அதை மூடினாள். மூடிய குழாயைப் பிடித்தபடியே, திரும்பாமல் சொன்னாள்:

"மெஷின் சத்தத்துக்கு மேலயும் கேட்டுச்சு, சின்னவளே."



"ஜன்னல்ல குடை தெரிஞ்சுது," என்றார் போட்டோக்காரர். இப்போது அவர் குரலில் சிரிப்பின் தூசிகூட இல்லை. "கருப்புக் குடை. நான் காருல ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தவன்தானே, இவங்களும் கொஞ்சம் உட்காரட்டும்னு… விளையாட்டாத்தான் நினைச்சேன்."

கணவன் தரையைப் பார்த்தான். "நீ போய்த் திறப்பேன்னு நினைச்சேன்," என்றான். "நீ எப்பவும் திறக்கிறவதானே."

மூத்தவர் கடைசியாகப் பேசினார். "மூணு இருபத்தாறுக்கு ஆரம்பிச்சுது. மூணு முப்பத்தஞ்சுக்கு நின்னுது. ஒன்பது நிமிஷம். நான் மணி பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

டொக் டொக். மெதுவாக. வலி உள்ளவள் தட்டுவதுபோல.

சின்னவள் மாவு டப்பாவைத் திறந்தாள். கையை விட்டாள். மணிக்கட்டு, முன்கை, முழங்கை. மாவு குளிர்ந்திருந்தது. விரல்கள் அடியைத் துழாவின. தகரம். தகரம். பிறகு தகரம் இல்லாத ஏதோ ஒன்று. சாவி அவள் உள்ளங்கையில் வைக்கப்பட்டது. சிறுவிரல் மடங்கியது. அடுத்தது. அடுத்தது. அவள் மடக்கவில்லை. ஒவ்வொன்றாக, பொறுமையாக, அவளுடைய விரல்கள் மூடப்பட்டன.

கையை இழுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. பூட்டு திரும்பியது. கதவு திறந்தது.

படியில் யாரும் இல்லை. சாய்ந்து அடிக்கும் மழையில் கல் முழுக்க நனைந்து கறுத்திருந்தது, ஓரிடம் தவிர. நிலையை ஒட்டி, ஒரு ஆள் உட்கார்ந்தால் மறைக்கும் அளவுக்கு, கல் உலர்ந்து வெளுத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உலர்ந்த வட்டத்தில் முதல் துளி விழுந்தது. யாரோ இப்போதுதான் எழுந்ததுபோல.

சொல்ல ஒன்றுதான் இருந்தது. ஒரு வருஷம் தாமதமாகச் சொன்னாள்.

"உள்ள வாங்க, நர்ஸம்மா."

கழுத்தோரமாகக் குளிர் கடந்து போனது. காலடியில் சுருட்டி வைத்திருந்த ஈரத்துண்டு நசுங்கித் தண்ணீர் விட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. உள்ளே வருமுன் கால் துடைக்கிற பழக்கம் உள்ளவள் அவள்.

கணவன் வந்து கதவைச் சாத்தினான். பூட்டினான். அக்கா அவள் கையிலிருந்து சாவியை எடுத்து, மாவு டப்பாவின் அடியில் புதைத்து, மூடியை இறுக்கினாள். ரொட்டி இன்னும் வெந்து முடியவில்லை.

ஐந்து பேரும் காத்திருந்தார்கள். எதற்கு என்று தெரியாமல். வாசலில் தட்டல் இல்லை. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். போட்டோக்காரர் நீளமாக மூச்சு விட்டார். கணவன் அவள் தோளைத் தொட்டான். முடிந்தது என்று சின்னவள் நினைத்தாள். கடவுளே, இவ்வளவுதானா, ஒரு கதவு, ஒரு வார்த்தை, இவ்வளவு சுலபமாகவா இருந்தது.

டொக் டொக்.

கண்ணாடியில்.

ஓவனின் கண்ணாடியில். உள்ளேயிருந்து.

மஞ்சள் விளக்கின் கீழே ரொட்டி தட்டின் விளிம்பைத் தாண்டிப் பொங்கி, முன்பக்கமாகச் சரிந்து, கண்ணாடியில் அழுந்தியிருந்தது. அழுந்திய இடத்தில் நான்கு முட்டிகள். பின்வாங்கின. மறுபடி வந்தன.

டொக் டொக்.

"திறங்க," என்றாள் சின்னவள்.

யாரும் அசையவில்லை.

"அக்கா. உள்ள சுடும். திறங்க."

"இன்னும் வேகல," என்றாள் அக்கா. தினமும் சொல்கிற குரலில். முன்துணிப் பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷம் இருக்கு," என்றார் மூத்தவர்.

நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். திறக்கிறவள் அவள்தானே.

அவள் கையை நீட்டினாள். ஓவன் கதவின் பிடி சுட்டது. கை தானாகத் திரும்பி வந்தது. பிடிதுணி அவள் தோளிலேயே கிடந்தது. கிடப்பது அவளுக்குத் தெரியும். அதன் கனம் தெரிந்தது. எடுத்துப் பிடித்து இழுத்தால் போதும். ஒரு கணம். அதற்குள் அவள் அந்த முட்டிகளைப் பார்த்தாள். தோல் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. திறந்தால் வெளியே வரும். எது வரும். எப்படி வரும்.

ஒரு அடி பின்னால் வைத்தாள்.

இன்னொரு அடி.

மேசை இடுப்பில் இடித்தது. பின்னால் போன கை மேசையைத் தடவியது. கிண்ணம். கரண்டி. குளிர்ந்த இரும்பு. அதன் மேல் ஒரு பொத்தான்.

அவள் அழுத்தினாள்.

மெஷின் இரைந்தது. அறை முழுக்க அந்த இரைச்சல். அதற்கு மேலாக, அவசரமில்லாமல், ஐந்து பேருக்கும் தெளிவாக:

டொக் டொக்.

பிறகு முட்டிகள் பிரிந்தன. வெந்துகொண்டிருந்த மாவில் ஒரு உள்ளங்கை மெல்ல விரிந்து கண்ணாடியில் பதிந்தது. அதன் நடுவில் ஒற்றைத் திராட்சை. அவள் பார்க்கும்வரை கை காத்திருந்தது. பார்த்ததும், சிறுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக, அதன் மேல் மூடியது.